சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே பிரெஞ்ச் ஹார்ன் படித்து ஆடிஷனுக்குப் போக முடியுமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகன் இரண்டாம் படிவம். பள்ளி பேண்டில் சேர்ந்தபோது ட்ரம்பெட் கேட்டிருக்கிறான். ட்ரம்பெட்டுக்கு ஏற்கெனவே ஆள் நிறைய, அதனால் யாரும் தொடாமல் கிடந்த பிரெஞ்ச் ஹார்னைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்தில் அவனுக்கு அதுவே பிடித்துப்போய்விட்டது. இப்போது பேண்ட் ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். பையனோ மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா ஆடிஷனுக்குப் போக வேண்டும் என்கிறான். "இந்த ஊரில் ஹார்ன் சொல்லித்தர ஆளே இல்லை. ஆசையை வளர்க்கவா, இல்லை கீபோர்டு மாதிரி எதிலாவது மாற்றிவிடவா? கோவிலில் தேவாரம் நன்றாகப் பாடுவான், சுருதி சுத்தம் என்று ஓதுவாரும் சொல்கிறார். பல்லுக்கு வேறு கம்பி போட வேண்டுமாம்" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணே, மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அந்தத் தேவாரம் பற்றிய வரிதான். அதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் இந்த வட்டாரத்துப் பள்ளி பேண்டுகளில் பல வருஷமாக ஹார்ன், ட்ரம்பெட் சொல்லிக்கொடுக்கிறேன். விரல் வேகமாக ஓடும் பிள்ளைகள் ஹார்னில் திணறுவதையும், பாடத் தெரிந்த பிள்ளைகள் மெதுவாக வந்து முந்திப்போவதையும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். காரணம் அந்த வாத்தியத்தின் உடம்பிலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றதெல்லாம் புரியும்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். பையன் கையில் இருப்பது உண்மையிலேயே பிரெஞ்ச் ஹார்ன்தானா? நம் பள்ளிகளில் அணிவகுப்புக்கு மெல்லோஃபோன் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதையும் பிள்ளைகள் ஹார்ன் என்றே சொல்வார்கள். மெல்லோஃபோனின் பெல், அதாவது சத்தம் வெளிவரும் அகன்ற வாய், முன்னால் பார்க்கும், வால்வை வலது கை அழுத்தும். பிரெஞ்ச் ஹார்னின் பெல் பின்னால் பார்க்கும், வால்வை இடது கை அழுத்தும், வலது கை பெல்லுக்குள் போகும். மெல்லோஃபோனின் குழாய் நீளம் பிரெஞ்ச் ஹார்னில் பாதிதான். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தால் தவறில்லை. ஆனால் ஆடிஷனுக்கு மெல்லோஃபோனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சரி, வாத்தியத்துக்கு வருவோம். எஃப் ஹார்னை, அதாவது எஃப் சுருதியில் அமைந்த பிரெஞ்ச் ஹார்னை, பிரித்து நீட்டினால் சுமார் 12 அடி வரும். ட்ரம்பெட் சுமார் நாலரை அடி. இவ்வளவு நீளக் குழாயில், மெல்லிய விளிம்புள்ள ஒரு சின்ன மவுத்பீஸை (உதட்டில் வைத்து ஊதும் முனை) வைத்துக்கொண்டு ஊதுகிறோம். எந்த வால்வையும் அழுத்தாமல், உதட்டை மட்டும் இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் ஒரு வரிசையில் சுரங்கள் வரும். ஹார்ன்காரர்கள் சி என்று எழுதுவதை சட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து ச, மேல் ச, ப, அதற்கு மேல் ச, க, ப, கொஞ்சம் தாழ்ந்த கைசிகி நிஷாதம், மறுபடி ச. இதுவரை எட்டு. எட்டாவதைத் தாண்டியதும் சுரங்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும்: ரி, க, சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவே எங்கேயோ ஒரு ம, ப என்று பதினாறாவதாக மேல் ச வரைக்கும் போகும். ட்ரம்பெட்காரர் பெரும்பாலும் இரண்டிலிருந்து எட்டு வரைக்கும்தான் புழங்குவார். அங்கே சுரத்துக்குச் சுரம் இடைவெளி அதிகம், தவறி விழ இடமில்லை. ஹார்ன்காரர் எட்டுக்கு மேலேயும் வாழ வேண்டும். அங்கே ஒரே விரல் பிடியில் ரியும் வரும், கவும் வரும். உதடு ஒரு மயிரிழை அசைந்தால் பக்கத்துச் சுரம் பிடித்துக்கொள்ளும். ஹார்ன் "உடைகிறது" என்று சொல்வது இதைத்தான். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் இருபது வருஷம் உட்கார்ந்தவர்களுக்கும் உடையும்.

ஆகவே வால்வு உங்களுக்குச் சுரத்தைத் தராது. எந்த வரிசையில் தேட வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். வரிசைக்குள் எந்தச் சுரம் என்பதை ஊதுவதற்கு முன்பே காது தீர்மானித்திருக்க வேண்டும். "ஊதிப் பார்ப்போம், எது வருகிறதோ பார்க்கலாம்" என்றால் ஹார்னில் எதுவும் வரலாம். தேவாரம் பாடுகிற பையன் தம்புராவைக் கேட்டு, சட்ஜத்தை மனசில் வைத்து, பிறகு வாயைத் திறக்கிறான். ஹார்னுக்கு வேண்டிய பழக்கம் அதுவேதான். ஊரில் ஹார்ன் ஆசிரியர் இல்லை என்கிறீர்கள், சரி. ஆனால் ஹார்னில் பாதி சொல்லித்தரக்கூடியவர் உங்கள் கோவிலில் இருக்கிறார், அண்ணே. ஓதுவாரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். போனில் தம்புரா செயலி ஒன்றைப் போட்டு 4 கட்டையில் வைக்க வேண்டும். எஃப் ஹார்னின் சி ஒலிப்பது அந்தச் சுருதியில்தான். தம்புரா ஓடிக்கொண்டிருக்க, ஒரு சுரத்தை முதலில் "ஆ" என்று பாட வேண்டும். பிறகு உதட்டை மட்டும் மூடி அதே சுரத்தை உதடு அதிர ஊத வேண்டும். பிறகு மவுத்பீஸில், அதன் பிறகே ஹார்னில். ஹார்னில் வந்த சுரம் தம்புராவோடு சேர்ந்து அலையடிக்காமல் நின்றால் சரி. அலையடித்தால் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுத்துத் தள்ளும் குழாய்) தொடாமல் காதாலும் உதட்டாலும் சரிசெய்யட்டும். மேல்நாட்டு ஹார்ன் ஆசிரியர்களும் இதே மாதிரி ஓர் ஆதார சுரத்தை ஓட விட்டுத்தான் சாதகம் செய்ய வைக்கிறார்கள். நமக்கு அது பிறந்ததிலிருந்து காதில் விழுகிற விஷயம்.

அடுத்தது வலது கை. பள்ளி பேண்டுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான், யாரும் திருத்துவதும் இல்லை. பிள்ளைகள் பெல்லின் விளிம்பை வெளியிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள், அல்லது முஷ்டியை உள்ளே அடைத்துவிடுகிறார்கள். விரல்கள் சேர்ந்து, லேசாக வளைந்து, கட்டைவிரல் ஓரத்தில் இடைவெளியை மூடி, தண்ணீர் அள்ளும் கை மாதிரி இருக்க வேண்டும். விரல்களின் முதுகு பெல்லின் அந்தப் பக்கச் சுவரில் படும். உள்ளங்கைக் குழி வழியாகக் காற்று தாராளமாக வெளியே போக வேண்டும். கை உள்ளே இருக்கும்போது சுருதி கொஞ்சம் இறங்கும், நாதம் இருண்டு கனக்கும். கையை எடுத்தால் சுருதி ஏறும், தகரச் சத்தம் வரும். பேண்டில் கை வைக்காமலே சுருதி சேர்த்துவிட்டு, அதற்காக ஸ்லைடை வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். பையன் ஒழுங்காகக் கை வைத்ததும் சுருதி தாழ்ந்துபோய், "கை வைத்தால் தப்பாக வருகிறது" என்பான். ஸ்லைடை உள்ளே தள்ளச் சொல்லுங்கள்.

இந்தக் கை ஏன் அங்கே வந்தது என்று பையனுக்குச் சொன்னால் ஞாபகம் நிற்கும். வால்வு வருவதற்கு முன்பு ஹார்ன் வெறும் சுருட்டிய குழாய். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டிரெஸ்டன் நகரத்து ஆண்டன் ஹாம்பெல் என்பவர் பெல்லுக்குள் கையை விதவிதமாக மூடித் திறந்து, இயற்கை வரிசையில் இல்லாத சுரங்களை எடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். அந்த வேலைக்கு வலது கை பழகிப்போனது. 1814 வாக்கில் ஹைன்ரிஷ் ஸ்டோல்செல் வால்வு கொண்டுவந்தபோது, வலது கை ஏற்கெனவே வேலையில் இருந்ததால் வால்வு இடது கைக்குப் போனது. மோட்சார்ட் எழுதிய ஹார்ன் இசையெல்லாம் வால்வில்லாத குழாய்க்கும் அந்தக் கைக்கும் எழுதியவை. பிராம்ஸ் 1865இல் ஹார்ன், வயலின், பியானோ மூன்றுக்குமாக எழுதியபோது, வால்வு தாராளமாகக் கிடைத்த காலத்திலும் பழைய கை ஹார்னையே மனசில் வைத்து எழுதினார். நம் நாதஸ்வரக்காரர் சீவாளியையும் துளையைப் பாதி மூடும் விரலையும் வைத்துச் சுரத்தை வளைப்பதைப் பார்த்த பையனுக்கு, ஹாம்பெல் என்ன செய்தார் என்பது சட்டென்று விளங்கிவிடும்.

உதடு பற்றி. மவுத்பீஸ் மேலுதட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும் கீழுதட்டில் ஒரு பங்கும் உட்கார வேண்டும். ட்ரம்பெட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பாதிக்குப் பாதி வைப்பார்கள், ஆரம்பத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. வாயோரங்கள் உறுதியாக, நடுப்பகுதி இளக்கமாக. உச்ச சுரம் வராதபோது வாத்தியத்தை உதட்டில் அழுத்துவார்கள். அழுத்தினால் அன்றைக்கு அந்தச் சுரம் வரும், உதடு செத்துப்போகும். கம்பி போட்ட வாய்க்கு அது ரத்தக் காயமே ஆகும்.

பல் கம்பியால் ஹார்னை விட வேண்டியதில்லை. பல் டாக்டரிடம் பையன் ஊது வாத்தியம் வாசிப்பவன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், கம்பியின் மேல் ஒட்டும் மெழுகு கொடுப்பார்கள். கம்பி போட்டதும் சில வாரங்கள் சத்தம் மோசமாகத்தான் இருக்கும், மேல் ஸ்தாயி காணாமல் போகும். அந்த நாள்களில் கீழ் ஸ்தாயியில் மெதுவாக நீண்ட சுரங்களை ஊதிக்கொண்டிருந்தால் போதும். கழற்றும்போதும் இதே கதை மறுபடி நடக்கும். ஆடிஷனுக்கு முந்தின மாதம் போடவோ கழற்றவோ வேண்டாம், தேதியைத் தள்ளிவையுங்கள்.

சாதகம் எவ்வளவு நேரம் என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். இந்த வயதில் ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் ஊதுவதைவிட, இருபது நிமிஷமாக மூன்று முறை ஊதுவது நல்லது. ஊதிய அளவுக்கு உதட்டுக்கு ஓய்வு வேண்டும். முதல் முறை நீண்ட சுரங்களும், வால்வைத் தொடாமல் உதட்டால் மட்டும் சுரம் விட்டுச் சுரம் தாவுவதும். இரண்டாவது ஸ்கேலும் (நம் ஆரோகண அவரோகணம் மாதிரி) பயிற்சிப் பாடங்களும். மூன்றாவது பாட்டு. பயிற்சிக்குக் கோப்ராஷ் என்பவரின் 60 பாடங்கள் உலகம் முழுக்க ஹார்ன்காரர்கள் புரட்டுவது. காப்புரிமை முடிந்தது என்பதால் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இசைத்தாள் இணையதளத்தில் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். மோட்சார்ட்டும் அங்கேயே கிடைக்கும். தோட்டத்து வீட்டில் சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்றால் கோவில் மண்டபமோ தோட்டத்துப் பூப்பந்து மண்டபமோ கேட்டுப் பாருங்கள். ஹார்ன் பின்னால் பார்த்து ஒலிப்பதால், முதுகுக்குப் பின்னே ஒரு சுவர் இருக்கும் இடத்தில் ஊதினால்தான் பையனுக்குத் தன் நாதமே சரியாகக் கேட்கும். செம்பனைக்கு நடுவே திறந்த வெளியில் ஊதினால் ஒன்றும் திரும்பி வராது, அவன் பலமாக ஊதப் பழகிவிடுவான்.

வாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் இருப்பது மூன்று வால்வு ஒற்றை ஹார்னாக இருக்கும். யமஹா ஒய்.எச்.ஆர். 314 அந்த வகை. அதில் தொடங்கலாம், அதில் ஆடிஷன் கஷ்டம். இரட்டை ஹார்னில் கட்டைவிரலுக்கு நாலாவது வால்வு ஒன்று உண்டு. அதை அழுத்தினால் 12 அடிக் குழாய் சுமார் 9 அடி பி ஃப்ளாட் ஹார்னாக மாறும். குழாய் குட்டையானால் மேலே சுரங்களுக்கிடையே இடைவெளி கூடும், உடைவது குறையும். மத்திய ஸ்தாயி பஞ்சமத்தைத் தாண்டியதும் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். இந்த இரட்டை அமைப்பை 1897 வாக்கில் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரத்துக் குருஸ்பே பட்டறை கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த மைன்ஸ் நகர அலெக்சாண்டர் 103 இன்றைக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஒலிக்கிறது. உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். பழைய யமஹா 567 அல்லது ஹோல்டன் 179, வால்வு கசியாமல் இருந்தால் பல வருஷத்துக்குப் போதும். வாங்குமுன் ஹார்ன் தெரிந்த ஒருவரை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. பெல்லில் நெளிவு இருந்தால் பரவாயில்லை. மவுத்பீஸ் சொருகும் மெல்லிய குழாயில் நெளிவு இருந்தால் வேண்டாம்.

பள்ளிச் சாமான் அறையில் "ரிப்பேர்" என்று ஒதுக்கிக் கிடக்கும் ஹார்ன்களில் பாதிக்கு மேல் வால்வுக் கயிறு அறுந்தவைதான். ஹார்ன் வால்வு மேலும் கீழும் போகாது, சுழலும். விசைக்கும் வால்வுக்கும் இடையே ஒரு சின்னக் கயிறுதான் இழுக்கிறது. இதற்கென்று கயிறு விற்கிறார்கள். இல்லாவிட்டால் டவுனில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போய், பின்னிய மீன்பிடி நூல் கேளுங்கள். ஒற்றை இழை நைலான் வேண்டாம், அது வழுக்கும், இழுபடும். பழைய கயிறு எட்டு வடிவத்தில் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பக்கத்து வால்வைப் பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதேபோல் கட்டினால் ஆயிற்று. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். இதைப் பையனே கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கயிறு அறுவது எப்போதும் நிகழ்ச்சிக்கு முந்தின ராத்திரிதான். நம் ஊர் ஈரப்பதத்துக்கு வால்வு எண்ணெய் அடிக்கடி போட வேண்டும். பள்ளி விடுமுறையில் தொடாமல் வைத்தால் வால்வு இறுகிவிடும்.

ஆசிரியர். வாராவாரம் ஒருவர் கிடைப்பது இங்கே கஷ்டம்தான். ஈப்போவில் பித்தளை வாத்தியம் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் ட்ரம்பெட் அல்லது ட்ராம்போன்காரர்கள். மூச்சு, தாளம், வாசிப்பு இவற்றை அவர்களிடம் தாராளமாகப் படிக்கலாம். கை வைப்பதையும் மேல் ஸ்தாயியையும் ஹார்ன்காரர்தான் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ கோலாலம்பூர் போய் ஒரு ஹார்ன்காரரிடம் நேரில் பாடம், நடுவே இணையத்தில் சின்னச் சின்ன வகுப்புகள் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். இ.டி.எஸ். ரயில் சுங்கை சிப்புட்டிலேயே நிற்கிறது, கே.எல். சென்ட்ரலில் இறங்கிக்கொள்ளலாம். இணைய வகுப்பில் செயலி சத்தத்தைத் தானாகச் சமப்படுத்திவிடும். பையன் மெதுவாக ஊதுவதும் பலமாக ஊதுவதும் ஒன்றாகவே கேட்கும். அமைப்புகளில் போய் மூல ஒலியை அனுப்பும் வசதியை இயக்கிவிடுங்கள்.

பையன் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நம் பள்ளி பேண்டுகள் ஓடுவதே அண்ணன்மார் தம்பிகளுக்குக் கற்றுக்கொடுத்துத்தான். அதில் ஒரு கெடுதலும் இருக்கிறது: போட்டிக்கு இரண்டு பாட்டை வருஷம் முழுக்க அடித்து அடித்துப் பழக்கிவிடுவார்கள், நோட்டு வாசிக்கத் தெரியாது. "ஒன்று-மூன்று-திறந்து-ஒன்று" என்று விரல் எண்ணையே மனப்பாடம் செய்திருப்பான். கோப்பை கிடைக்கும், பிள்ளைக்கு ஒன்றும் தங்காது. எனக்கு இதில் கோபமே உண்டு. உங்கள் மகன் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் பாட வை, பிறகு ஊத வை என்ற ஒரே விதியை வைத்துக்கொள்ளட்டும். தம்பிக்கு விளக்கப் போகும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்று அவனுக்கே தெரியும்.

இனி ஆடிஷன். இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா 2006இல் தொடங்கியது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக் அதன் வீடு. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா அங்கே 1998 ஆகஸ்டில் முதல் கச்சேரி செய்தது. வயது வரம்பும் கேட்கும் பாடங்களும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறலாம், அந்த ஆண்டு அறிவிப்பையே நம்புங்கள். பொதுவாக இப்படிப்பட்ட தேர்வுகளில் சொந்தத் தேர்வில் ஒரு பாட்டு, ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகள் சில, ஸ்கேல், பார்த்தவுடன் வாசித்தல் இவை இருக்கும்.

சொந்தத் தேர்வுக்கு எல்லாரும் ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸின் முதல் ஹார்ன் கான்செர்டோவுக்கு (ஒரு தனி வாத்தியம் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் பாட்டு) பாய்வார்கள். அவர் அதைப் பதினெட்டு வயதில் எழுதினார், உண்மைதான். ஆனால் அவருடைய அப்பா மியூனிக் அரசவை ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் ஹார்ன்காரர், வீட்டில் கேட்டு வளர்ந்த சத்தத்துக்கு எழுதினார். இரண்டாம் படிவப் பையனுக்கு அது வேண்டாம். மோட்சார்ட்டின் நான்கு ஹார்ன் கான்செர்டோக்களில் கே. 412 (கே. என்பது அவருடைய படைப்புகளின் பட்டியல் எண்) என்பதன் முதல் பாகம் இருக்கிறது. அதை அவர் தம் ஹார்ன்கார நண்பர் லாய்ட்கெபுக்காகக் கடைசி வருஷமான 1791இல் எழுதினார். லாய்ட்கெபுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது, அதனால் உச்ச சுரங்களைக் குறைத்துவிட்டார். வயதான உதட்டுக்கு ஏற்றது பிஞ்சு உதட்டுக்கும் ஏற்கும். அடுத்த படி கே. 447. (இதே நண்பருக்கு 1783இல் எழுதிய கே. 417இன் தலைப்பில் கழுதை, மாடு, முட்டாள் என்று மோட்சார்ட் கிண்டல் செய்து வைத்திருக்கிறார். பையனிடம் சொல்லுங்கள், சிரிப்பான்.) ஆங்கிலேய ஹார்ன்காரர் டென்னிஸ் பிரெயின் 1953இல் பதிவுசெய்த நான்கு கான்செர்டோக்களையும் கேட்க வையுங்கள். 1957இல் கார் விபத்தில் 36 வயதில் போய்விட்டார். இன்றைக்கும் ஹார்ன்காரர்கள் அந்தப் பதிவைக் கேட்டுத்தான் வாக்கியம் பாடுவது எப்படி என்று பேசிக்கொள்கிறார்கள்.

பையனுக்கு அதிர்ச்சியாக இருக்கப்போவது சுருதி மாற்றி வாசிப்பது. பழைய இசையில் "டி ஹார்ன்", "இ ஃப்ளாட் ஹார்ன்" என்று போட்டிருக்கும். கையில் இருப்பது எஃப் ஹார்ன். எழுதியிருப்பதைப் பார்த்து மனசுக்குள் மாற்றி ஊத வேண்டும். நம் கணக்கில் மிகச் சுலபம்: எஃப் என்றால் 4 கட்டை, இ ஃப்ளாட் என்றால் இரண்டரை, டி என்றால் 2 கட்டை. அதே கீர்த்தனையை வேறு கட்டையில் பாடுவதுதான். கே. 412 இரண்டு கட்டை. சுரத்தைப் பெயரால் மனசில் பாடத் தெரிந்த பையன் சட்ஜத்தை இடம் மாற்றி வைத்துவிட்டுப் பாட்டைத் தொடர்வான். எழுத்து எழுத்தாக மாற்றுகிறவன் வியர்த்துப்போவான். கோப்ராஷ் பாடத்தை நாளுக்கு ஒரு கட்டையில் வாசித்துப் பழகினால் ஒரு வருஷத்தில் வந்துவிடும்.

ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகளில் பெரியவர்களுக்குச் சைக்கோவ்ஸ்கி ஐந்தாம் சிம்பனியின் இரண்டாம் பாகமும், பிராம்ஸ் மூன்றாம் சிம்பனியின் மூன்றாம் பாகமும் கேட்பார்கள். இப்போதைக்குக் காதால் கேட்டு வைத்தால் போதும். நான் சொல்வது வேறு: கீழ் ஸ்தாயியைக் கவனியுங்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் ஹார்ன் நான்கு பேராக உட்காரும், ஒன்றும் மூன்றும் மேலே, இரண்டும் நாலும் கீழே. எல்லாப் பிள்ளைகளும் மேல் சுரத்தையே துரத்துவதால் இரண்டாம், நாலாம் இடத்துக்கு நல்ல ஆள் கிடைப்பது அரிது. அந்த இடம் ஒன்றும் மட்டமில்லை. பீத்தோவன் 1824இல் தம் ஒன்பதாம் சிம்பனியின் மெதுவான பாகத்தில் பெரிய தனியைக் கொடுத்தது நாலாவது ஹார்னுக்குத்தான்.

தேர்வாளர்கள் என்ன கேட்கிறார்கள்? முதல் சில வரிகளிலேயே தாளம் நிற்கிறதா, சுருதி சேர்கிறதா, நாதம் கேட்கும்படி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உயரமான சுரம் வந்ததா என்பது அதற்குப் பிறகுதான். ஒரு சுரம் உடைந்தால் யாரும் துரத்திவிட மாட்டார்கள். உடைந்ததும் நிறுத்தி, "சாரி சார்" என்று சொல்லி, மறுபடி ஆரம்பிப்பதுதான் காரியத்தைக் கெடுக்கும். நம் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் நிறைய. தாளம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் சொந்தக்காரர்களை உட்காரவைத்து, உடைந்தாலும் நிறுத்தாமல் முடிக்கப் பழக்குங்கள்.

அன்றைக்கு ஒரு சின்ன விஷயம். சூட்டில் சுருதி ஏறும், குளிரில் இறங்கும். சுங்கை சிப்புட் வெயிலில் சேர்த்து வைத்த ஹார்ன், அங்கே ஏர்கான் அறையில் தாழ்ந்துபோய் நிற்கும். உள்ளே கூப்பிடும்வரைக்கும் சத்தமில்லாமல் சூடான காற்றைக் குழாய்க்குள் ஊதிக்கொண்டே இருக்கட்டும். போகுமுன் ஸ்லைடுகளைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய இடத்தில் கொரகொரவென்று கேட்கும். காத்திருக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் உச்சத்தில் ஊதிக் காட்டுவார்கள், அதைக் கேட்டு இவனும் ஊதி உதட்டைத் தீர்த்துவிடக்கூடாது.

இதில் பிழைப்பு உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும். முழுநேரச் சம்பளத்தில் ஆர்க்கெஸ்ட்ரா ஹார்ன் நாற்காலிகள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெளிநாட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். ஆனால் போலீஸ், இராணுவ பேண்டுகள் இருக்கின்றன. தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வி படித்து ஆசிரியராகலாம், ஷா ஆலாம் யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தில் இசைத் துறை இருக்கிறது. பள்ளி பேண்டுகளுக்கு ஹார்ன் தெரிந்த பயிற்சியாளர் எப்போதும் தட்டுப்பாடு. எந்தப் பக்கம் போனாலும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் கிரேடு சான்றிதழ் உதவும். ஆறாம் கிரேடு முதல் செய்முறைத் தேர்வுக்கு ஐந்தாம் கிரேடு தியரி முடித்திருக்க வேண்டும். அந்தத் தியரித் தேர்வு இப்போது இணையத்திலேயே எழுதலாம். வீட்டில் வாசித்துக் காணொளியாக அனுப்பும் தேர்வு வகையும் வந்துவிட்டது. தியரிக்கு ஹார்ன் ஆசிரியர் தேவையில்லை, டவுனில் பியானோ சொல்லித்தரும் யாரும் போதும். இந்த வருஷமே தொடங்கிவிடுங்கள், மூன்றாம் படிவத்துக்குள் தியரி முடிந்துவிட்டால் எஸ்.பி.எம். தேர்வு நேரத்தில் தலைவலி இருக்காது.

பையன் வாசிப்பதை எனக்குப் பதிவுசெய்து அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன். போனை பெல்லுக்குப் பின்னால் வைக்காமல் அவனுக்கு முன்னால் ஆறேழு அடி தள்ளி வையுங்கள். பெரிய பாட்டு எதுவும் வேண்டாம். தம்புரா ஓட, ஒரு மேல்-கீழ் ஸ்கேல் மெதுவாக, பிறகு அவனுக்குப் பிடித்த ஒரு தேவாரத்தை முதலில் பாடி, அப்புறம் அதையே ஹார்னில். வலது கை தெரிகிற மாதிரி பக்கவாட்டிலிருந்து ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள்.